கால்பந்து வீரருக்கு இவ்வளவு சம்பளமா?

இங்கிலாந்தில் முன்னணி கால்பந்து வீரர்கள் வாரத்துக்கே கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறார்களாமே, இது அநியாயம் இல்லையா?
– கல்லூரி மாணவர், திண்டுக்கல்

அநியாயம் நடந்தது 1961க்கு முன்பு. அதுவரை அங்கே வீரர் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. கடைசியில் அது வாரம் 20 பவுண்டு. அரங்கம் நிரம்பி வழியும், வசூல் கிளப்புக்குப் போகும், ஆடியவர் கைக்கு அந்த இருபதுதான். வீரர் சங்கத் தலைவர் ஜிம்மி ஹில், வேலைநிறுத்தம் செய்வோம் என்று உறுதியாக நின்ற பிறகே 1961 ஜனவரியில் வரம்பு ஒழிந்தது. விரைவிலேயே ஃபுல்ஹாம் அணியின் ஜானி ஹெய்ன்ஸ் வாரம் 100 பவுண்டு வாங்கினார்.

இன்றைய கோடிகளில் பெரும்பங்கு, 1992இல் பிரீமியர் லீக் தொடங்கிய பின் தொலைக்காட்சி உரிமையாக வந்து குவிந்த பணம். வீரருக்குக் குறைத்தால் அது செவிலியருக்கோ ஆசிரியருக்கோ போகாது; கிளப் முதலாளியிடம்தான் தங்கும். முழங்கால் ஒருமுறை பிசகினாலே ஆட்டம் முடிந்துவிடலாம். தப்பித்தாலும் பெரும்பாலோர் நாற்பதுக்குள் ஓய்வு பெற்றுவிடுவார்கள்.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். கீழ்நிலை லீக்குகளிலும் பெண்கள் அணிகளிலும் அதே வியர்வையைச் சிந்தும் பலருக்கு இதில் ஒரு துளிகூடச் சேர்வதில்லை. உங்கள் கேள்வியை அவர்களுக்காகக் கேளுங்கள்.