முருகைத் தொட்டிகளிற் பீடை கட்டுப்பாடு

முருகை கல்லைப் போலத் தோன்றினும் உயிருள்ள பிராணியாகும். கடலிலுள்ள முருகைக் கற்பாறைகள், சிற்றுயிர்கள் கூட்டமாக வாழ்ந்து சுண்ணாம்புக் கூட்டைச் சுரந்து கட்டியவையே. இவ்வுயிர்களின் இழையத்தினுள் நுண்ணிய அல்காக்கள் வாழ்ந்து, ஒளியின் உதவியால் உணவு தயாரித்து முருகைக்கு அளிக்கின்றன. இழையம் அழிந்தால் வெள்ளைக் கூடு மாத்திரமே எஞ்சும்.

உயிருள்ள முருகைகளைக் கண்ணாடித் தொட்டியில் வளர்ப்போர் இன்று பல நாடுகளிலும் உளர். கடலிற் பீடைகளை உண்ணும் மீன்களும் பிற எதிரிகளும் பல உண்டு. தொட்டியில் அவை பெரும்பாலும் இல்லை. ஆகவே அங்கு புகுந்த பீடை தடையின்றிப் பெருகி, பல ஆண்டுகள் பேணிய முருகைகளைச் சில மாதங்களில் அழித்துவிடக்கூடும்.

1. பீடைகள் புகும் வழி

பீடைகள் நீரில் தாமாகத் தோன்றுவதில்லை. புதிதாக வாங்கிய முருகைத் துண்டு, அது ஒட்டப்பட்ட அடிக்கட்டை, பாறைக்கல் ஆகியவற்றுடனேயே அவை வந்து சேர்கின்றன. நாற்றுடன் பூச்சி முட்டை தோட்டத்துக்கு வருவதை இது ஒக்கும். எனவே புகாமற் காத்தலே முதலாவதும் மலிவானதுமான பரிகாரமாகும்.

2. முக்கிய பீடைகள்

(அ) அயிப்ரேசியா: இது கபில நிறமான சிறு கடற்சாமந்தி. நீண்ட காம்பும் மெல்லிய உணர்கொம்புகளும் உடையது. அயலிலுள்ள முருகைகளைக் கொட்டி அழிக்கும். அடிப்பாகத்திலிருந்து பிரியும் சிறு துணுக்கும் புதிய பிராணியாக வளரும். ஆதலால் இதனைச் சுரண்டியோ நசுக்கியோ அகற்ற முயலலாகாது.

(ஆ) தட்டைப்புழு: கிளைவடிவான அக்ரோப்போரா முருகைகளின் இழையத்தை உண்பது. முருகையின் நிறத்தையே ஒத்திருப்பதால் கண்ணுக்கு எளிதில் புலப்படாது. கிளைகளில் வட்டமான வெளிறிய கடித்தடங்கள் காணப்படின் இப்புழு உண்டென ஐயுறல் வேண்டும். முட்டைகளை உயிரற்ற வெறுங்கூட்டின் மீது, பெரும்பாலும் கிளையின் அடியில், கொத்தாக இடும்.

(இ) ஓடற்ற கடல்நத்தை: சில மில்லிமீற்றர் நீளமான இவ்வெண்ணிற நத்தை மொன்றிப்போரா முருகைகளை உண்ணும். பகலில் துண்டின் அடிப்புறத்தில் ஒளிந்திருக்கும். முருகையின் விளிம்பு வெண்ணிறமாகிப் பின்வாங்குதல் இதன் அறிகுறியாகும். இவ்வினத்துக்கு 2020ஆம் ஆண்டிலேயே விஞ்ஞானப் பெயர் இடப்பட்டது.

(ஈ) செம்புள்ளிப் பூச்சி: மஞ்சள் உடலிற் செந்நிறப் புள்ளி கொண்ட இது, இறால் வகுப்பைச் சேர்ந்த நுண்ணுயிர். அரை மில்லிமீற்றர் அளவினதாகையால் உருப்பெருக்குக் கண்ணாடி கொண்டு பார்த்தல் வேண்டும். இது பற்றிய அக்ரோப்போரா நிறம் மங்கி நலிவுறும்.

3. புதிய முருகைகளைத் தனிப்படுத்தல்

புதிய துண்டுகளை நேரே பெருந்தொட்டியில் இடாது, நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை வேறொரு சிறு தொட்டியில் வைத்தல் வேண்டும். முதல் நாளிற் செய்யவேண்டியவை வருமாறு:

இயலுமாயின் அடிக்கட்டையை நீக்குக. இழையமற்ற வெறுங்கூட்டுப் பகுதியை வெட்டி அகற்றுக. ஒரே வெப்பநிலையுடைய கடல்நீரை இரு பாத்திரங்களில் எடுத்து, முதற் பாத்திரத்தில் முருகைகளுக்கென விற்கப்படும் அயடீன் கரைசலையோ வேறு கழுவுமருந்தையோ புட்டியிற் குறிப்பிட்ட அளவில் கலக்குக. குறித்த நேரம் வரை துண்டை அதில் அமிழ்த்தி, உறிஞ்சுகுழாயால் நீரைப் பீச்சியடித்துப் பீடைகளை உதிரச்செய்க. பின்னர் இரண்டாம் பாத்திரத்திற் கழுவித் தனித்தொட்டியில் வைக்குக. கழுவிய நீரைத் தொட்டிக்குட் சேர்க்கலாகாது.

ஒருமுறை கழுவுதல் போதாது. கழுவுமருந்து புழுவைக் கொல்லுமேயன்றி முட்டையைக் கொல்லாது. நத்தையின் முட்டைகள் ஏறத்தாழ ஒரு வாரத்திலும், தட்டைப்புழுவின் முட்டைகள் வெப்பநிலைக்கேற்ப ஒன்றரை முதல் மூன்று வாரங்களிலும் பொரிக்கும். பொரித்த குஞ்சுகள் வளர்ந்து மீண்டும் முட்டையிடுமுன் அவற்றை அழித்தல் அவசியம். ஆகவே தனிப்படுத்தற் காலம் முழுவதும் வாரம் ஒரு முறையேனும் கழுவுதல் வேண்டும்.

4. தொட்டியிற் பரவிய பீடைகளுக்குப் பரிகாரம்

அயிப்ரேசியா சிலவே காணப்படின் நீற்றிய சுண்ணாம்பு பயன்படும். மணமோ வேறு பொருளோ கலவாத தூய கல்சியமைதரொட்சைட்டைச் சிறிது நன்னீரிற் குழைத்து, ஊசிக்குழலில் எடுக்குக. நீரோட்டப் பம்பிகளை நிறுத்தி, பிராணி சுருங்காவண்ணம் மெல்ல அணுகி, வாய்த்தட்டின் மீது குழம்பை இட்டு மூடுக. சிறிது நேரங்கழித்துப் பம்பிகளை இயக்குக. சுண்ணாம்பு நீரின் காரத்தன்மையை உயர்த்துமாதலால் ஒரு நாளிற் சிலவற்றுக்கு மாத்திரமே இடல் வேண்டும். கண்ணிற் படாமற் கவனிக்குக.

பெருமளவிற் பரவியிருப்பின் இயற்கை எதிரிகளை விடலாம். மிளகுக்கீரை இறால் எனப்படும் இனமும், நீண்ட மூக்குடைய வண்ணாத்திப்பூச்சி மீனும் அயிப்ரேசியாவை உண்பன. எனினும் எல்லா மீனும் எல்லா இறாலும் இதனைச் செய்வதில்லை. கூன்முதுகு கொண்ட ஒட்டக இறால் சிலவேளை மிளகுக்கீரை இறாலென விற்கப்படுகின்றது. அது முருகைகளையே உண்ணும். பேர்கியா என்னும் கடல்நத்தை அயிப்ரேசியாவை மாத்திரம் உண்பது. இரை தீர்ந்ததும் அது பட்டினியால் இறக்கும்.

தட்டைப்புழுவும் நத்தையும் காணப்படின், தாக்குண்ட துண்டுகளை வெளியே எடுத்து மேற்கூறியவாறு கழுவுதல் வேண்டும். செம்புள்ளிப் பூச்சிக்கு நாய்களின் இதயப்புழு மருந்தான மில்பமைசின் வழங்கப்படுவதுண்டு. அது தொட்டியிலுள்ள இறால், நண்டு யாவற்றையும் கொல்லும். மிருக வைத்தியரின் ஆலோசனையின்றிப் பயன்படுத்தலாகாது.

5. மனித உயிருக்கு ஆபத்து

பீடை ஒழியவேண்டுமென்று பாறைக்கற்களை ஒருபோதும் கொதிக்கவைக்கலாகாது. பொத்தான் போன்ற சோவாந்திட்டு உயிர்கள் சிலவற்றில், சிறப்பாகப் பலித்தோவா இனங்களில், பலிரொட்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. கொதிக்கவைத்தலும் உலரச் சுரண்டுதலும் அந்நஞ்சைக் காற்றிற் கலக்கச் செய்யும். இவ்வாறு குடும்பத்தினர் அனைவருமே வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்ட நிகழ்ச்சிகள் மேல்நாடுகளில் உண்டு. வாயில் உலோகச் சுவை, காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல், கண்ணெரிவு என்பன அறிகுறிகள். இந்நஞ்சுக்கெனத் தனி மாற்றுமருந்து இல்லை. அறிகுறி தோன்றின் உடனே வெளிக்காற்றுக்குச் சென்று வைத்தியரிடம் விரைதல் வேண்டும். இவ்வுயிர்களைக் கையாளும்போது கையுறையும் கண்காப்பும் அணிக.

6. கடலைக் காத்தல்

தொட்டியில் இடுவதற்காகக் கடலில் முருகை வெட்டுதல் இலங்கையிற் சட்டவிரோதமாகும். கல்முருகைகளின் சர்வதேச வணிகமும் உடன்படிக்கையாற் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது.

வேண்டாத உயிர்களையும் கழுவிய நீரையும் கடலிலோ களப்பிலோ கால்வாயிலோ விடலாகாது. மீன்தொட்டிகளில் வளர்க்கப்பட்ட கோலேப்பா என்னும் பாசி 1984ஆம் ஆண்டில் மொனாக்கோக் கரையிற் காணப்பட்டு, மத்தியதரைக் கடலிற் பரவியது. இந்து, பசிபிக் சமுத்திரங்களுக்குரிய சிங்கமீன் 1985ஆம் ஆண்டில் புளோரிடாவிற் காணப்பட்டது. பின்னர் அது கரிபியன் கடலெங்கும் பெருகி, அங்குள்ள மீனினங்களுக்குக் கேடு விளைத்தது. கழுவிய நீரை நீர்நிலைகளுக்கு அப்பாலுள்ள உலர்ந்த நிலத்தில் ஊற்றுக.

நினைவிற்கொள்ள வேண்டியவை

1. புதிய முருகையைத் தனிப்படுத்தாது தொட்டியில் இடாதீர்.
2. கழுவுமருந்து முட்டையைக் கொல்லாது, வாரந்தோறும் கழுவுக.
3. அயிப்ரேசியாவைச் சுரண்டாதீர்.
4. பாறைக்கல்லைக் கொதிக்கவைக்காதீர்.
5. தொட்டியுயிர் எதனையும் கடலில் விடாதீர்.