ஃபுல் ஃப்ரேம் வாங்கும் முன் லென்ஸைக் கவனிக்க

ஃபுல் ஃப்ரேம் கேமராவின் சென்சார் அளவு 36×24 மி.மீ.; பழைய ஃபிலிம் சட்டத்தின் அளவுதான். அதைவிடச் சிறிய சென்சார் கொண்ட ஏபிஎஸ்-சி கேமரா வைத்திருப்பவர் புதிய பாடியின் விலைக்கு முன் கையிலுள்ள லென்ஸ்களைக் கணக்கில் எடுப்பது நல்லது. செலவு பெரும்பாலும் அங்கேதான் ஏறும். நிக்கானின் டிஎக்ஸ் (ஏபிஎஸ்-சி) லென்ஸ் எஃப்எக்ஸ் (ஃபுல் ஃப்ரேம்) டிஎஸ்எல்ஆரில் பொருந்தும். ஆனால் சென்சாரின் நடுப்பகுதி மட்டுமே பயன்படுவதால் 24 மெகாபிக்சல் படம் ஏறக்குறைய 10 மெகாபிக்சலாகச் சுருங்கும். கேனனின் ஏபிஎஸ்-சி லென்ஸான இஎஃப்-எஸ்ஸோ ஃபுல் ஃப்ரேம் டிஎஸ்எல்ஆரில் பொருந்தவே பொருந்தாது. ஆர்எஃப் மிரர்லெஸ் பாடியில் அடாப்டர் போட்டால் உண்டு, அதுவும் சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்தும் கிராப் முறையில்தான்.

மண்டபத்து மங்கல் வெளிச்சத்தில் பெரிய சென்சார் கைகொடுக்கும். பறவைப் படம் எடுப்பவர் மட்டும் பழைய பாடியை விற்க வேண்டாம்: 300 மி.மீ. லென்ஸ், நிக்கான் ஏபிஎஸ்-சியில் 450 மி.மீ.க்கு நிகரான நெருக்கம் தரும்.