பிளஸ் 2 பிள்ளைக்கு ஆன்லைன் வழிகாட்டி: எதற்கு யாரை நாடுவது?

வடசென்னையில், காசிமேட்டிலும் எர்ணாவூரிலும் டியூஷனுக்குப் பஞ்சமில்லை. எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி, என்ன செலவு, என்னென்ன சான்றிதழ் என்று பொறுமையாகப் பேசத்தான் ஆள் கிடைப்பதில்லை. வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகப்போகும் பிள்ளைக்கு மதிப்பெண்ணைப் போலவே இந்தப் பேச்சும் முக்கியம். இன்று அதை மொபைலிலேயே பெறலாம். ஆனால், வழிகாட்டுகிறோம் என்று சொல்பவர்கள் எல்லாரும் ஒரே வேலையைச் செய்வதில்லை. அவர்களில் மூன்று வகை உண்டு.

1. அரசு வழி: விதிகள் தெரிந்தவர்கள்

2022 மார்ச் 1-ல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு உயர்கல்வி வழிகாட்டுதலும் உண்டு. 14417 என்ற கல்வி உதவி எண்ணிலும் ஆலோசனை கேட்கலாம். இரண்டுக்கும் கட்டணமில்லை.

6 முதல் 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்திலும் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளிலும் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது. இப்படிப்பட்ட விஷயங்களை இங்கேதான் சரியாகத் தெரிந்துகொள்ள முடியும். குறை ஒன்று உண்டு: எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லும் இடம் இது. உங்கள் பிள்ளையின் தயக்கத்தை வாராவாரம் கேட்க இங்கே ஒருவர் இருக்கமாட்டார்.

2. தன்னார்வலர்: பிள்ளையைத் தெரிந்தவர்

2006-ல் தொடங்கிய அகரம் அறக்கட்டளை, 2010 முதல் 'விதை' திட்டத்தில் ஏழைக் குடும்பத்து மாணவர்களைத் தேர்ந்தெடுத்துப் படிக்கவைக்கிறது. கூடவே வழிகாட்ட ஆளும் தருகிறது. பெங்களூருவின் 'மென்டார் டுகெதர்' அமைப்பு, வேலையில் இருக்கும் ஒருவரை ஒரு மாணவரோடு செயலி வழியாக இணைக்கிறது.

மூன்றில் மிகவும் மதிப்புள்ளது இந்த உறவுதான். ஆனால் வெளியூரில் இருக்கும் வழிகாட்டிக்குத் தமிழ்நாட்டுச் சேர்க்கை விதிகள் தெரியாமல் போகலாம். அவர் சொல்வதை 14417-ல் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

3. கட்டணச் செயலி: பாடம் தெரிந்தவர்கள்

நீட், ஜேஇஇ பயிற்சிக்கு உதவும். எந்தக் கல்லூரி என்ற கேள்விக்கு இதை நம்பிக் கடன் வாங்க வேண்டாம். இலவச வகுப்பு என்று சொல்லித் தவணைக் கடனில் கையெழுத்து வாங்குவதும் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் பிடிப்பதும் புகாராக வந்ததால், 2021 டிசம்பரில் மத்தியக் கல்வி அமைச்சகமே பெற்றோரை எச்சரித்தது.

எந்தப் படிப்புக்கு எப்படி?

- பொறியியல்: கலந்தாய்வு முழுவதும் ஆன்லைனில் நடக்கிறது. தரவரிசையோடு, விருப்பப் பட்டியலில் கல்லூரிகளை அடுக்கும் வரிசையும் இடத்தைத் தீர்மானிக்கும். விதிக்கு அரசு வழி, வரிசை போடத் தன்னார்வலர்.
- கப்பல் படிப்பு: சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் தனி நுழைவுத் தேர்வு நடத்துகிறது. கப்பலில் வேலை பார்ப்பவரையே வழிகாட்டியாகக் கேளுங்கள். யாராவது பணம் கேட்டால், அந்த நிறுவனத்துக்குக் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் ஒப்புதல் உண்டா என்று முதலில் பாருங்கள்.
- மீன்வளம்: எண்ணூரிலிருந்து எட்டும் தூரத்தில், பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. இதற்கான விண்ணப்பம் பொறியியல் கலந்தாய்வில் சேராது. தனியாகப் போட வேண்டும்.

வழிகாட்டியை ஏற்கும் முன் கேட்க வேண்டியவை

- அப்பா ஷிப்டிலிருந்தோ கடலிலிருந்தோ வந்து, வீட்டின் ஒரே மொபைல் பிள்ளை கைக்குக் கிடைக்கும் நேரத்தில் பேசுவாரா? வீடியோ இல்லாமல் வெறும் போன் அழைப்பு போதுமா?
- தமிழில் பேசுவாரா? ஆங்கிலத்தில் கேட்கக் கூச்சப்படும் பிள்ளை முக்கியமான கேள்வியைக் கேட்காமலே விட்டுவிடும்.
- முதல் செமஸ்டர் முடியும்வரை உடன் இருப்பாரா? சேர்ந்த பிறகு வரும் ஆங்கிலவழிப் பாடத்தில்தான் பல பிள்ளைகள் தடுமாறுகிறார்கள்.
- அவரைச் சரிபார்த்து அனுப்பிய அமைப்பு எது? பேசும் நேரம் பெற்றோருக்குத் தெரிய வேண்டும். பணமோ, தனிப்பட்ட படமோ, ரகசியமோ கேட்பவரிடம் பேச்சை அன்றே நிறுத்துங்கள், அமைப்புக்கும் சொல்லுங்கள்.

எங்கள் பரிந்துரை

பிளஸ் 1-லேயே அரசு வழியில் தொடங்குங்கள். அதே ஆண்டில் ஒரு தன்னார்வ வழிகாட்டியைத் தேடுங்கள். ஒரு குறிப்பிட்ட பாடத்தில் உண்மையிலேயே தேவைப்பட்டால், கையில் இருக்கும் காசுக்குள் மட்டும் கட்டணப் பயிற்சியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சாதி, வருமானம், முதல் பட்டதாரிச் சான்றிதழ்களுக்கு ரிசல்ட் வரும்வரை காத்திருக்காமல் இப்போதே இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். கலந்தாய்வு நாட்களில் வழிகாட்டியோடு பேசும் நேரம் படிப்பைப் பற்றியதாக இருக்கட்டும். சான்றிதழுக்கு அலைவதில் போய்விடக் கூடாது.