சிற்றோடையிலிருந்து மின்சாரம்: பஞ்சாயத்துகள் அறிய வேண்டுவன

மேட்டிலிருந்து பள்ளத்தை நோக்கிப் பாயும் நீருக்கு ஆற்றல் உண்டு என்பதை நமது நாட்டு மலைவாழ் மக்கள் நெடுங்காலமாக அறிவர். இமயமலைச் சாரலில் ‘கராட்’ எனப்படும் நீராலைகள் ஓடை நீரின் விசையால் கல்லைச் சுழற்றித் தானியத்தை மாவாக்கி வந்துள்ளன. அவ்விசையைக் கொண்டு மின்சாரம் உற்பத்தி செய்வதும் நமக்குப் புதிதன்று. டார்ஜிலிங்கை அடுத்த சித்ராபாங்கில் 1897ஆம் ஆண்டிலேயே 130 கிலோவாட் திறனுள்ள நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. நீலகிரியில் பைக்காரா நிலையம் 1932ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது.

பேரணைகளைக் கட்டுவது அரசாங்கத்தின் பணி. ஆயின், ஓர் ஊரின் தேவைக்கு உதவும் சிறு நிலையத்தை அவ்வூர் மக்களே திட்டமிட்டு நடத்த இயலும். நமது நாட்டில் 25 மெகாவாட் வரையிலானவை சிறு நீர்மின் நிலையங்கள் என்றும், அவற்றுள் 100 கிலோவாட்டுக்கு மேற்படாதவை நுண் நிலையங்கள் என்றும் வகுக்கப்பட்டுள்ளன. கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் மாங்குளம் பஞ்சாயத்து, தன் எல்லையில் ஓடும் ஆற்றில் 110 கிலோவாட் நிலையம் அமைத்தது ஒரு நல்ல முன்னுதாரணமாகும். இத்தகைய முயற்சியில் இறங்கும் முன் ஊரார் ஆராய வேண்டிய செய்திகளை இங்கே காண்போம்.

எவ்வளவு மின்சாரம் கிடைக்கும்?

இரண்டு அளவுகளே இதனை முடிவு செய்கின்றன. ஒன்று, வினாடிக்கு எத்தனை லிட்டர் நீர் வருகிறது என்பது. மற்றொன்று, அந்நீர் எத்தனை மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிறது என்பது. இவ்விரண்டையும் பெருக்கி, வந்த தொகையை மீண்டும் ஐந்தால் பெருக்கினால், கிடைக்கக்கூடிய மின்சாரம் ஏறத்தாழ எத்தனை வாட் என்பது தெரியும். குழாயிலும் இயந்திரத்திலும் ஏற்படும் இழப்பு இக்கணக்கில் கழிக்கப்பட்டுவிட்டது. சான்றாக, வினாடிக்கு 20 லிட்டர் நீர் 40 மீட்டர் இறங்குமாயின், 20 × 40 × 5 = 4,000 வாட், அதாவது 4 கிலோவாட் கிடைக்கும்.

ஓடையை அளக்கும் முறை

சிற்றோடையாயின், நீர் முழுவதையும் மண் அணையால் தடுத்து ஒரு குழாய் வழியே விட்டு, 200 லிட்டர் பீப்பாய் ஒன்றை நிரப்பிப் பார்க்கலாம். அது 10 வினாடியில் நிரம்பினால், ஓடையின் வரத்து வினாடிக்கு 20 லிட்டர் ஆகும்.

பீப்பாயில் அடங்காத நீராயின், நேராக ஓடும் 10 மீட்டர் நீளப் பகுதியைத் தேர்ந்து, ஒரு மரத்துண்டை மிதக்க விட்டு, அது கடக்கும் நேரத்தைக் குறிக்க வேண்டும். அகலம் அரை மீட்டர், சராசரி ஆழம் 20 சென்டிமீட்டர், கடந்த நேரம் 40 வினாடி எனக் கொள்வோம். பெருக்கி வகுத்தால் வினாடிக்கு 25 லிட்டர் வரும். மேற்பரப்பு நீரைவிட அடிநீர் மெதுவாக ஓடுவதால், இதில் ஐந்தில் நான்கு பங்காகிய 20 லிட்டரையே கணக்கில் கொள்ளுதல் வேண்டும். ஓடையின் அடி கல்லும் முரடுமாக இருப்பின் இன்னும் குறைத்துக் கொள்க. உயரத்தை அளக்கக் கொத்தனார் மட்டம் பார்க்கும் நீர்க்குழாயே போதும். சரிவில் படிப்படியாக இறங்கி அளந்து கூட்டிக் கொள்ளலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஐப்பசி மழையில் பெருகி ஓடும் நீரைக் கண்டு இயந்திரம் வாங்கிய ஊர், சித்திரையில் விளக்கின்றி நிற்கும். ஆகவே, மாதந்தோறும் அளந்து ஏட்டில் குறித்து வருதல் வேண்டும். அவற்றுள் மிகக் குறைந்த அளவே திட்டத்திற்கு அடிப்படை ஆதல் வேண்டும்.

நிலையத்தின் உறுப்புகள்

ஓடையின் குறுக்கே ஒரு சிறு தடுப்பு. அதிலிருந்து சரிவை ஒட்டிச் செல்லும் கால்வாய். மணல் படிவதற்கு ஒரு தொட்டி. சருகும் குப்பையும் புகாமல் தடுக்கும் கம்பித் தட்டி. கீழ்நோக்கி இறங்கும் குழாய். அதன் முடிவில் டர்பைன் என்னும் சுழலியும் அதனால் இயங்கும் ஜெனரேட்டரும். இவையே உறுப்புகள். உயரம் மிகுந்து நீர் குறைந்த இடத்திற்குப் பெல்டன் சுழலியும், நடுத்தர உயரத்திற்குக் குறுக்கோட்டச் சுழலியும் பொருத்தமானவை. நேபாள நாட்டின் மலைக் கிராமங்களில் இத்தகைய சுழலிகள் பகலில் நெல் குற்றவும் மாவரைக்கவும், இரவில் விளக்கெரிக்கவும் பயன்படுகின்றன.

விவசாயிகளின் நீருரிமை

சுழலியைச் சுழற்றிய நீர் ஒரு துளியும் குறையாமல் மீண்டும் ஓடையைச் சேர்கிறது. எனினும், தடுப்புக்கும் நிலையத்திற்கும் இடைப்பட்ட பகுதியில் ஓடை வறண்டுவிடும். அங்கே ஒரு வயலின் மடையோ, கால்நடைகள் நீர் அருந்தும் துறையோ இருப்பின் வழக்கு எழுவது உறுதி. எனவே, ஓடையில் ஒரு பங்கு நீரை எக்காலத்தும் விட்டுவைத்தல் வேண்டும். நாம் கண்ட 20 லிட்டரில் 5 லிட்டரை விட்டு, 15 லிட்டரை மட்டும் எடுத்தால் 3 கிலோவாட் கிடைக்கும். இது சிறிதெனத் தோன்றலாம். ஆனால், 60 வீடுகளுக்கு 40 வாட் வீதம் அளித்தபின் தெருவிளக்குகளுக்கும் மிஞ்சும். இரவும் பகலும் ஓடினால் நாளொன்றுக்கு 72 யூனிட் ஆகும்.

சாத்தனூர், வைகை அணைகளை ஒட்டிய நீர்மின் நிலையங்கள், பாசனத்திற்குத் திறந்துவிடும் நீரைக் கொண்டே இயங்குகின்றன. பாசனம் முதலாவது, மின்சாரம் அடுத்தது என்னும் இம்முறையைக் கிராமமும் கைக்கொள்ளுதல் நன்று.

வனப்பகுதியில் நிலம் தேவைப்படின், 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், மரபுசாரா எரிசக்தி அமைப்பு உள்ளிட்ட ஊர்ப் பொதுவசதிகளுக்காக ஒரு ஹெக்டேருக்குக் குறைந்த வனநிலத்தை ஒதுக்க வழி செய்துள்ளது. இதற்குக் கிராம சபையின் பரிந்துரை இன்றியமையாதது.

நடத்துவது யார்?

நிலையம் அமைத்தல் ஓராண்டுப் பணி. அதனைப் பேணுதல் என்றும் உள்ள பணி. கம்பித் தட்டியை நாள்தோறும் துப்புரவு செய்யவும், மணலை அகற்றவும் பயிற்சி பெற்ற ஒருவர் ஊரிலேயே இருத்தல் வேண்டும். அவருக்கு ஊதியமும், பழுதுபார்க்கச் சேமநிதியும் வீட்டுக்கட்டணத்திலிருந்து சேர வேண்டும். கட்டணமே வேண்டாம் என்று தீர்மானிக்கும் ஊரில் முதற் பழுதோடு நிலையம் நின்றுவிடும்.

பொது மின்கம்பி ஊருக்கு வந்தபின் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே எண்ணுதல் வேண்டும். இலங்கையில் கிராம மக்கள் சங்கம் அமைத்து நடத்திய நீர்மின் நிலையங்கள் பல, தேசிய மின்தொடர் எட்டியவுடன் கைவிடப்பட்டன. நமது மாநிலத்தில் பெரும்பாலான ஊர்களுக்கு மின்கம்பி எட்டியுள்ளது. ஆகவே, கம்பி எளிதில் செல்லாத மலைக் குக்கிராமங்களுக்கும், பகலில் ஆலை ஓட்டக்கூடிய ஊர்களுக்குமே இம்முயற்சி மிகுதியும் ஏற்றது.

நீர்மின்சாரத்திற்கு எரிபொருள் செலவில்லை, புகையில்லை, மழை உள்ளவரை குறைவில்லை. உங்கள் ஊரில் வற்றாத ஓடை இருக்குமாயின், மானியம் கேட்டு மனு எழுதுமுன் ஒரு பீப்பாயும், மட்டக்குழாயும், ஒரு கணக்கேடும் கொண்டு சென்று அளந்து பாருங்கள். ஓராண்டின் கணக்கைக் கிராம சபையில் படித்துக் காட்டுங்கள். ஓடை இசைந்தால் திட்டத்தைத் தொடங்கலாம். இசையாவிடில் ஊர்ப்பணம் வீணாகாமல் காத்தவர்கள் ஆவீர்கள்.