செஸ்ட்நட் கன்று: விதையா, ஒட்டா, திசு வளர்ப்பா?

1904இல் நியூயார்க் நகரத்து விலங்குக் காட்சிசாலையில் கண்டறியப்பட்ட கருகல் நோய், அரை நூற்றாண்டுக்குள் அமெரிக்கச் செஸ்ட்நட் காடுகளை அழித்தது. ஐரோப்பாவில் வேரழுகல் தொல்லை வேறு. அதனால் இந்த மரத்தை நடுபவர்கள், கன்று எப்படி உருவானது என்று விசாரித்தே வாங்குகிறார்கள்.

விதை
விலை குறைவு, ஆணிவேர் ஆழமாக இறங்கும். ஆனால் செஸ்ட்நட் பெரும்பாலும் தன் மகரந்தத்தில் காய்க்காது. எனவே தாய்மரத்தின் குணம் கன்றுக்கு அப்படியே வராது. விதை காய்ந்தால் முளைப்புத்திறன் போய்விடும். உதிர்ந்ததும் பொறுக்கி, ஈரம் காத்து, இரண்டு மூன்று மாதம் குளிரில் வைத்து, ஆழமான தொட்டியில் ஊன்ற வேண்டும். மரத்துக்கு மரம் வேறுபாடு வேண்டிய காடு வளர்ப்புக்கு இதுவே ஏற்றது.

ஒட்டு
பெயர் தெரிந்த ரகம், சீரான கொட்டை, முந்திய காய்ப்பு ஆகியவை வேண்டிய தோப்புக்காரருக்கு உகந்தது. நன்றாகப் பிடித்த ஒட்டும் சில ஆண்டு கழித்துப் பட்டுப்போகலாம் என்பதுதான் சிக்கல். அதே ரகத்தின் விதையில் வளர்ந்த வேர்ச்செடியில் ஒட்டினால் ஆபத்து குறைவு.

திசு வளர்ப்பு
நோய் தாங்கும் ஒரு மரத்தின் துளிர்த் துண்டுகளைக் குடுவையில் சத்து ஊடகத்தில் வளர்த்து, அதை அச்சு அசலாகப் பெருக்கும் முறை இது. வேரழுகலைத் தாங்கும் மாரிகூல் போன்ற ஐரோப்பிய–ஜப்பானியக் கலப்பினங்களை இப்படிப் பெருக்கலாம். முதிர்ந்த கிளையைவிட அடிமரத் துளிர் எளிதில் வேர்விடும். துண்டுகள் கசியும் பீனால் ஊடகத்தைப் பழுப்பாக்குவதால் அடிக்கடி புது ஊடகத்துக்கு மாற்ற வேண்டும். வேர்விட ஐபிஏ ஹார்மோன் தேவை.

கன்றுகள் அதிகம் சாவது குடுவையை விட்டு வெளியே வந்த பிறகுதான். குடுவைக்குள் வளர்ந்த இலையில் மெழுகுப்பூச்சு மெல்லியது. இலைத்துளைகளும் சரியாக மூடா. காற்று பட்டதும் வாடிவிடும். ஈரப்பதம் நிறைந்த மூடிய அறையில் தொடங்கி, வாரக்கணக்கில் சிறிது சிறிதாக ஈரத்தைக் குறைத்து, நிழல்வலைக்கு மாற்றி, பிறகே நாற்றங்காலுக்குக் கொண்டுபோக வேண்டும். இடையில் மொட்டு உறங்கி வளர்ச்சி நின்றுபோவதும் உண்டு. ஆய்வகச் செலவோடு இந்தப் பராமரிப்பும் சேர்ந்தே விலையை ஏற்றுகிறது.

எதை வாங்குவது?
காட்டுக்கு விதை, விற்பனைக்கான தோப்புக்கு ஒட்டு, வேரழுகல் உள்ள மண்ணுக்கு, அதைத் தாங்கும் ரகத்தின் திசு வளர்ப்புக் கன்று. குடுவையிலிருந்து நேராக வந்ததை மலிவென்று வாங்காதீர்கள். வெளியில் ஒரு பருவமாவது வளர்ந்ததா என்று கேளுங்கள். ஒட்டோ திசு வளர்ப்போ, ஒரே ரகத்தைத் தோப்பு முழுக்க நட்டால் கொட்டை பெரும்பாலும் பிடிக்காது. ஒரே சமயத்தில் பூக்கும் இரண்டு ரகங்களாவது வேண்டும். அவற்றில் ஒன்று மகரந்தம் நிறையத் தருவதாக இருக்கட்டும்.