வயர்லெஸ் கீபோர்டு, மவுஸ் வாங்கும் முன்

கடைக்குப் போகுமுன் உங்கள் கம்ப்யூட்டரில் புளூடூத் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய டெஸ்க்டாப்களில் பெரும்பாலும் இருக்காது. அப்படியானால் யூஎஸ்பி ரிசீவருடன் வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வகையே சரி. செருகியவுடன் வேலை செய்யும். விண்டோஸ் தொடங்கும் முன் வரும் பயாஸ் திரையிலும் கைகொடுக்கும். புளூடூத் கீபோர்டு பல கம்ப்யூட்டர்களில் அந்தத் திரையில் செயல்படாது. வீட்டு டெஸ்க்டாப்புக்கு என் ஓட்டு ரிசீவருக்குத்தான்.

கீபோர்டு, மவுஸ் இரண்டையும் ஒரே செட்டாக வாங்கினால் ஒரு ரிசீவரே போதும். ஆனால் அதைத் தொலைத்துவிட்டால் பல மாடல்களில் மாற்று கிடைக்காது, செட்டே வீண். மவுஸின் பேட்டரி அறைக்குள் அதைச் செருகிவைக்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

மவுஸ் அம்பு திக்கித் திக்கி நகர்கிறதா? பேட்டரியைக் குறை சொல்லுமுன் ரிசீவர் இருக்கும் இடத்தைக் கவனியுங்கள். யூஎஸ்பி 3.0 போர்ட்டும் அதில் செருகிய ஹார்ட் டிஸ்க்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும். ரிசீவரை யூஎஸ்பி 2.0 போர்ட்டுக்கு மாற்றுங்கள். அல்லது சிறிய எக்ஸ்டென்ஷன் கேபிளில் மேஜைமேல் கொண்டுவாருங்கள்.

கண்ணாடி மேஜையில் சாதாரண ஆப்டிகல் மவுஸ் தடுமாறும். கீழே ஒரு பேட் வேண்டும்.

தமிழில் தட்டச்சு செய்ய, தமிழ் எழுத்து அச்சிட்ட கீபோர்டைத் தேடி அலைய வேண்டாம். தமிழ்99 முறை எந்தச் சாதாரண கீபோர்டிலும் இயங்கும். கணக்கு வழக்கு பார்ப்பவர்கள் வலப்பக்க எண்பலகை இல்லாத குட்டி மாடலைத் தவிர்க்கலாம்.

ஊருக்குப் போய் மாதக்கணக்கில் தங்குவதானால் பேட்டரிகளைக் கழற்றிவைத்துவிடுங்கள். கசிந்தால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கை அரித்துவிடும்.