வங்கநாட்டு நெல்லும் கடலின் உப்பும்

மழை காலந்தவறாது பெய்தலும், ஆறு அளவறிந்து ஓடலும், வெயில் பருவத்தே காய்தலும் ஆகிய இம்மூன்றையும் நம்பியே உழவன் விதையை மண்ணில் இடுகின்றான். நிலக்கரியும் எண்ணெயும் எரித்தலால் எழும் கரியமிலவாயு வானிற் பெருகி, உலகம் வெப்பமுற்று, அந்நம்பிக்கை தளர்ந்துவருகின்றது. இம்மாறுதலால் வறிய நாடுகளின் உழவும் உணவும் எவ்வாறு தாக்குண்கின்றன என்பதனை வங்காளதேசத்தைச் சான்றாகக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

கங்கை, பிரமபுத்திரா, மேகனா என்னும் பேராறுகள் கொணர்ந்த வண்டலால் ஆயது அந்நாட்டின் பெரும்பகுதி. அதன் தென்கரை நிலம் கடல்மட்டத்தினும் சிறிதே உயர்ந்தது. ஏறத்தாழ 17 கோடி மக்கட்கு அரிசியே தலையாய உணவு. மழைக்காலத்தில் வளர்ந்து கார்த்திகை மார்கழியில் அறுவடையாவது ஆமன் நெல்; பனிக்காலத்தில் நட்டு, நீர் பாய்ச்சி, கோடையில் அறுப்பது போரோ நெல். முன்னதற்குப் பகை வெள்ளம். பின்னதற்குப் பகை உப்பு.

மாசி முதல் வைகாசி வரை ஆற்றில் நன்னீர் குறையுங்கால் கடல்நீர் ஆற்றின்வழி உள்ளேறும். கடல்மட்டம் உயருந்தோறும் அது மேலும் உட்புகும். மண்ணில் உப்பு மிகின், நீர் அருகிலிருந்தும் வேர் அதனை எளிதில் உறிஞ்சமாட்டாது. நீரோடு ஏறிய சோடியம் இலையைக் கருகச் செய்யும். நாற்றுப் பருவமும் பூக்கும் பருவமுமே நெல்லுக்கு மிகவும் இடர்ப்பாடானவை.

கடல்நீரைத் தடுக்க 1960-களில் நெடிய மண்கரைகள் எழுப்பப்பட்டன. 2009 மே மாதம் அய்லாப் புயல் அவற்றைப் பலவிடத்தும் உடைத்தது. சில ஊர்களில் உடைப்பு நெடுநாள் அடைபடாமையால், வயல்களில் ஓதநீர் நாடோறும் ஏறி இறங்கிற்று. உழவர் பலர் கூலிதேடி நகரஞ்சென்றனர். எனினும், எல்லாத் தீங்கையும் காலநிலையின்மேல் ஏற்றுதல் நேர்மையன்று. 1975-இல் இயங்கத் தொடங்கிய பரக்கா அணையால் கோடையில் கங்கைநீர் குறைந்ததும், இறால் வளர்ப்போர் உப்புநீரைத் தாமே வயல்களில் விட்டதும் இதற்குக் காரணங்களாம். பழைய புண்ணின்மேல் புதிய வெப்பம் படுகின்றதென்றலே பொருந்தும்.

இனி, விளைச்சல் குறைவு சந்தையில் எவ்வாறு பெருகுகின்றது என்பதையும் நோக்குவோம். 2007-இல் அந்நாட்டை இருமுறை வெள்ளமும், நவம்பரில் சிதர்ப் புயலும் தாக்கின. அக்காலத்தே உலகெங்கும் அரிசி விலை ஏறியது. இந்தியாவும் தன் மக்களின் பொருட்டு அரிசி ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. கூலியின் பெரும்பகுதியை அரிசிக்கே செலவிடும் ஏழையர் வீட்டில் விலையேற்றமும் பஞ்சமும் வேறல்ல.

இத்துயரிடையே ஒரு நற்செய்தியும் உண்டு. சாதாரண நெல், வெள்ளத்தில் மூழ்கின், மேலெழ முயன்று தன் சேமிப்பையெல்லாம் செலவிட்டு மடியும். ஒரிசாவின் பழைய நெல்வகையொன்றோ வளர்ச்சியை அடக்கி, வலிமையைக் காத்து, வெள்ளம் வடிந்தபின் தளிர்க்கும். அக்குணத்திற்குரிய மரபுக்கூறு 2006-இல் வெளியிடப்பெற்றது. அது சேர்ந்த சுவர்ணா நெல் 2009-இல் இந்தியாவிலும், அடுத்த ஆண்டு வங்காளதேசத்திலும் உழவர்க்கு வழங்கப்பட்டது. இரு வாரமளவும் நீருள் மூழ்கியும் பிழைக்கவல்லது அது. உப்பைத் தாங்கும் நெல்வகையும் அங்கு 2007-இல் வெளிவந்தது. பெயரறியா உழவர் தலைமுறை தலைமுறையாகப் போற்றிய விதையே இன்று ஆராய்ச்சியாளர்க்குக் கைகொடுத்தது என்பதை நாம் மறத்தலாகாது.

ஆயினும் விதை ஒன்றே போதுமென்றல் கூடாது. இரு வார எல்லைக்கு அப்பால் அந்நெல்லும் அழியும். கரை உடைந்தவழி உப்பைத் தாங்கும் நெல்லும் நில்லாது. உறுதியான கரை, நன்னீர்க் குளம், தானியக் களஞ்சியம், குறைந்த வட்டிக் கடன் ஆகியவையும் வேண்டும். இவற்றிற்குப் பொருள் தருவார் யார்? உலகு வெளிவிடும் கரிப்புகையில் வங்காளதேசத்தின் பங்கு நூற்றில் ஒன்றுக்கும் குறைவே. புகையை மிகுதியும் எழுப்பிச் செல்வம் பெற்ற நாடுகள் இச்செலவில் பங்கேற்றல் ஈகையன்று, கடனேயாம்.

அறிவியலும் பொருளியலும் பயிலும் மாணவராகிய நாம் இவ்விரண்டையும் தனித்தனி அறைகளில் வைத்துக் கற்றல் போதாது. வேரில் ஏறும் உப்பையும் கடையில் ஏறும் விலையையும் ஒருங்கே கணக்கிடத் தெரிந்தவரே நாளை உழவர்க்கு உதவவல்லார்.